அமைதிக்கும் ஒரு மகமை

கலவரம் நடந்த பிறகு நிவாரணம் வருகிறது. குடியரசு நாள் மேடையில் விருது வருகிறது. இரண்டுக்கும் நடுவே, ஊரைச் சண்டை இல்லாமல் நடத்திச் செல்லும் சாதாரண மனிதர்களுக்கு யார் கைகொடுப்பது? ஏலமலை அடிவாரத்திலிருந்து ஒரு கேள்வி.

விடிவதற்கு முன்பே ஜீப்புகள் வந்துவிடுகின்றன. போடிநாயக்கனூரிலிருந்து தேவாரம் போகும் சாலையில் இருக்கிறது சிலமலை. இந்த ஊரும் சுற்றுவட்டாரக் கிராமங்களும் கண் விழிப்பதே அந்த ஹாரன் சத்தத்தில்தான். ஒரு தூக்குவாளி, தலைக்குக் கட்ட ஒரு துண்டு, மழைக்குப் போர்த்த ஒரு பிளாஸ்டிக் தாள். இவ்வளவுதான் கைச்சுமை. போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிக் கடந்து, கேரளத்து ஏலத்தோட்டங்களில் இறங்கினால் மாலை வரை வேலை. திருநீறு வைத்தவர், சிலுவை அணிந்தவர், முக்காடு போட்டவர் எல்லாரும் ஒரே ஜீப்பில் நெருக்கி உட்கார்ந்திருப்பார்கள். வளைவில் வண்டி சாயும்போது பக்கத்தில் இருப்பவரின் தோளைத்தான் எல்லாரும் பிடிக்கிறார்கள்.

அதே ஆட்கள் ஊர் திரும்பியதும் சில நாட்களில் வேறு ஆட்களாகிவிடுகிறார்கள். திருவிழாவுக்குச் சாட்டிய வாரம் வரும். பள்ளிவாசலில் தொழுகை நேரம், கோயிலில் மைக் செட் பாடும். சப்பரம் எந்தத் தெருவில் திரும்புவது, கொடிக்கம்பம் எந்த முக்கில் நடுவது, பிணத்தை எந்த வழியாகத் தூக்கிப் போவது என்று ஏதோ ஒன்று கிளம்பும். யாரோ ஒருவர் கைப்பேசியில் எந்த ஊரிலோ எடுத்த படத்தை நம்ம ஊர் என்று போட்டுவிடுவார். அரை மணி நேரத்தில் தெரு இரண்டாகப் பிரிந்து நிற்கும்.

அந்த அரை மணி நேரத்தில் ஓடி வருகிற நாலைந்து பேர் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர், டீக்கடைக்காரர், தேவாலயத்து உபதேசியார், பள்ளிவாசல் முத்தவல்லி, மகளிர் குழுத் தலைவி என்று யாராவது. இரண்டு பக்கமும் கையெடுத்துக் கும்பிட்டு, இளவட்டங்களைத் தள்ளிக்கொண்டு போய் உட்காரவைத்து, போலீஸ் வருவதற்குள் பேசி முடிப்பவர்கள். இவர்களுக்குச் சங்கம் இல்லை, ரசீது புத்தகம் இல்லை, பெயர்ப்பலகை இல்லை. பஸ் காசும் டீக் காசும் சொந்தப் பையிலிருந்தே போகிறது. பலருக்கு வீட்டில் திட்டும் விழுகிறது.

மத சுதந்திரத்தையும் மதநல்லிணக்கத்தையும் வளர்க்கும் உள்ளூர்க் குழுக்களுக்கு நிதி கொடுப்பது பற்றி உலகமெங்கும் பேசுகிறார்கள். ஐ.நா. சபை 2010-இல் தீர்மானம் போட்டு, ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி முதல் வாரத்தை உலக சமய நல்லிணக்க வாரமாக அறிவித்தது. அமெரிக்கா 1998-இல் சர்வதேச மத சுதந்திரச் சட்டத்தையே இயற்றியது. அந்தப் பேச்சு சிலமலை போன்ற ஓர் ஊரின் டீக்கடை பெஞ்சுக்கு வந்து சேரும்போது என்னவாகிறது? இந்தக் கட்டுரையின் கேள்வி அதுதான். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அமைதிக்கென்று செலவழிக்கும் பணத்தைக் கலவரம் நடக்காத நாட்களுக்குச் செலவழிக்க வேண்டும், அதன் முதல் பங்கு ஊரிலிருந்தே வர வேண்டும்.

மண்டைக்காடு கற்றுத் தந்தது

1982 மார்ச் 1. கன்னியாகுமரி மாவட்டம் மண்டைக்காடு பகவதியம்மன் கோயிலில் மாசிக் கொடை. கடற்கரை முழுக்கக் கூட்டம். கோயிலுக்கு வந்தவர்களுக்கும் கிறிஸ்தவ மீனவர்களுக்கும் இடையே எழுந்த தகராறு மோதலாகி, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 6 மீனவர்கள் இறந்தார்கள். அதன்பிறகு கடலோரக் கிராமங்களிலும் உள்நாட்டு ஊர்களிலும் வாரக்கணக்கில் வீடுகள் எரிந்தன. படகும் வலையும் சாம்பலாயின. நீதிபதி வேணுகோபால் தலைமையில் விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது.

ஆணையம் விசாரிக்கத் தொடங்குவதற்கு முன்பே ஒரு காவித் துண்டு அந்தக் கடற்கரைக்குப் போனது. குன்றக்குடி அடிகளார் (1925–1995). சைவ மடத்தின் தலைவர், எரிந்த மீனவக் குடிசைகளுக்குள் நடந்து போனார். இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசினார். அந்த அனுபவத்திலிருந்து பிறந்ததுதான் திருவருட்பேரவை. இந்து, கிறிஸ்தவ, முஸ்லிம் பெரியவர்கள் ஒரே அமைப்பில் உட்கார்ந்து, ஊர் ஊராகக் கிளை வைத்து, பிரச்சினை முளைக்கும்போதே பேசித் தீர்க்கும் ஏற்பாடு.

கவனிக்க வேண்டியது இங்கேதான் இருக்கிறது. அடிகளாரின் பெயர் பெரியது, மடத்தின் மதிப்பும் பெரியது. ஆனால், பெரியவர் ஒருவர் எல்லா ஊருக்கும் எல்லா நாளும் வர முடியாது. அவர் கிளம்பிய பிறகு வாரா வாரம் கூடி உட்கார்வது யார்? கூட்டத்துக்கு இடம் எங்கே? பக்கத்து ஊரில் சண்டை என்று தகவல் வந்தால் போய்வர வண்டிச் சத்தம் யார் தருவது? சமாதானத்தைக் கொண்டுவர ஒரு மாமனிதர் போதும். அதைக் காப்பாற்றச் சின்ன மனிதர்கள் பலர் வேண்டும்; அவர்கள் சோர்ந்து போகாமல் இருக்கச் சின்னச் சின்னத் தொகை தொடர்ந்து வேண்டும்.

நம் மலையடிவாரத்திலும்

இதெல்லாம் கடற்கரைக் கதை என்று போடிக்காரர்கள் ஒதுக்கிவிட முடியாது. 1989 செப்டம்பரில் போடியிலும் சுற்றுவட்டாரத்திலும் வெடித்த சாதிக் கலவரத்தை நேரில் பார்த்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். 2018-இல் இதே தேனி மாவட்டத்தில், பெரியகுளம் பக்கம் பொம்மிநாயக்கன்பட்டியில், சவ ஊர்வலம் எந்தத் தெரு வழியாகப் போவது என்ற தகராறு தலித் மக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே மோதலாகிப் பலர் காயம்பட்டார்கள். அன்றாடம் கூலிக்குப் போகிறவர்கள் இரண்டு பக்கமும் அடிபட்டுக் கிடந்தார்கள். வெளியூர்த் தலைவர்கள் வந்து அறிக்கை விட்டுப் போனார்கள். ஊரில் மிச்சமிருந்தவை வழக்கும் வாய்தாவும் முகம் பார்க்க முடியாத தெருக்களும்தான்.

இந்த இரண்டு நிகழ்வும் ஒன்றைக் காட்டுகின்றன. தெற்கத்திக் கிராமங்களில் மதப் பிரச்சினையைச் சாதியிலிருந்து பிரித்து எடுக்க முடியாது. 1981 பிப்ரவரியில் தென்காசிப் பக்கம் மீனாட்சிபுரத்தில் ஏறத்தாழ 180 தலித் குடும்பங்கள் இஸ்லாத்தைத் தழுவியபோது நாடே அதிர்ந்தது. டெல்லியிலிருந்து தலைவர்கள் வந்தார்கள். எத்தனை பேர் வந்து விசாரித்தாலும் அடியில் கிடந்தது ஒரே காரணம்: சாதிக் கொடுமை. மதம் மாறும் உரிமை அந்த மக்களுக்கு வெறும் தத்துவமாக இருக்கவில்லை. தோளில் துண்டு போட்டு நடக்கும் மரியாதையாக இருந்தது.

ஆகவே, நல்லிணக்கக் குழு என்று ஒன்று அமைத்து, மூன்று மதத்துப் பெரிய மனிதர்களை மட்டும் நாற்காலியில் உட்காரவைத்தால் போதாது. கோயிலுக்குள் விடப்படாதவர்கள், கல்லறைத் தோட்டத்திலும் சுவர் வைத்துப் பிரிக்கப்பட்டவர்கள், தர்காவுக்கு நேர்ச்சை கொண்டுபோய்விட்டு வாசலோடு திரும்புகிறவர்கள் ஆகியோரும் அந்தக் குழுவில் இருக்க வேண்டும். அவர்கள் இல்லாத அமைதி, வாய் மூடவைத்த அமைதி.

பணம் எங்கே போகிறது?

அரசுகள் இதற்கென்று எதுவுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. மத்திய உள்துறையின் கீழ் 1992-இல் தேசிய மதநல்லிணக்க அறக்கட்டளை தொடங்கப்பட்டது. மதம், சாதி, இனம், பயங்கரவாதம் தொடர்பான வன்முறையில் பெற்றோரையோ வீட்டின் சம்பாத்தியக்காரரையோ இழந்த பிள்ளைகளின் படிப்புக்கு உதவுவது அதன் முக்கிய வேலை. ஆண்டுதோறும் நவம்பர் 19 முதல் 25 வரை நல்லிணக்க வாரமும் கொடி நாளும் கடைப்பிடிக்கப்படுகின்றன. நல்லிணக்கத்துக்காக உழைத்தவர்களுக்குத் தேசிய விருதும் உண்டு.

தமிழக அரசு ஒவ்வொரு குடியரசு நாளிலும் கோட்டை அமீர் மதநல்லிணக்கப் பதக்கம் வழங்குகிறது. கோவையில் மதநல்லிணக்கத்துக்காகப் பாடுபட்டு உயிரையே கொடுத்தவர் அவர். 1997 கலவரமும், 1998 பிப்ரவரி 14 தொடர் குண்டுவெடிப்பில் பறிபோன 58 உயிர்களும் அந்த நகரத்தைப் பிளந்து போட்டன. அப்படிப்பட்ட ஊரில் சமாதானம் பேசுவதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள். அவர் பெயரில் பதக்கம் கொடுப்பது நியாயமான மரியாதை.

ஆனால், இந்த இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். ஒன்று, வீடு எரிந்த பிறகு வருகிறது. மற்றொன்று, ஒரு மனிதர் வாழ்நாளெல்லாம் கைக்காசில் உழைத்து முடித்த பிறகு வருகிறது. நடுவில் இருக்கும் காலத்துக்கு, அதாவது சண்டை வராமல் பார்த்துக்கொள்ளும் முந்நூற்று அறுபது நாளுக்கு, ஒரு ரூபாய் ஒதுக்கீடும் ஊருக்கு வந்து சேர்வதில்லை. திருவிழாவுக்கு முன்னால் தாசில்தார் அலுவலகத்தில் அமைதிப் பேச்சுவார்த்தை நடக்கும், கையெழுத்து வாங்குவார்கள், விழா முடிந்ததும் அந்தக் கோப்பு மூடப்படும். அடுத்த விழாவுக்கு மறுபடியும் முதலிலிருந்து.

இன்னொன்றையும் கவனியுங்கள். தமிழக அரசு மானசரோவர், முக்திநாத் யாத்திரைக்கு மானியம் தருகிறது. ஜெருசலேம் புனிதப் பயணத்துக்கும் தருகிறது. ரமலான் மாதத்தில் நோன்புக் கஞ்சிக்குப் பள்ளிவாசல்களுக்கு அரிசி தருகிறது. எல்லாமே அந்தந்த மக்களுக்கு மகிழ்ச்சியான உதவிகள்தான், குறை சொல்லவில்லை. தனித்தனி மதத்துக்கு இத்தனை தலைப்புகள் இருக்கும் கணக்குப் புத்தகத்தில், எல்லா மதத்தாரும் ஒன்றாக உட்காரும் ஒரு பெஞ்சுக்குத் தலைப்பு இல்லையே என்பதுதான் ஆதங்கம்.

அரசியல் சட்டத்தின் 27-ஆவது பிரிவு, குறிப்பிட்ட ஒரு மதத்தை வளர்ப்பதற்கென்று ஒதுக்கப்படும் வரியைக் கட்டும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. எல்லா மதத்தாரும், மதம் வேண்டாம் என்பவரும் சேர்ந்து வாழ உதவும் செலவுக்கு அந்தப் பிரிவு குறுக்கே நிற்கவில்லை. சட்டம் திறந்து வைத்திருக்கும் கதவை நாம்தான் தள்ளிப் பார்க்கவில்லை.

தனியார் கம்பெனிகள்? 2013 கம்பெனிச் சட்டத்தின் 135-ஆவது பிரிவின்படி, பெரிய நிறுவனங்கள் மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். எதற்கெல்லாம் செலவிடலாம் என்று ஏழாவது அட்டவணை பட்டியல் போட்டிருக்கிறது: பசி, கல்வி, சுற்றுச்சூழல், பாரம்பரியம், விளையாட்டு, கிராம வளர்ச்சி, பேரிடர் என்று நீளும் அந்தப் பட்டியலில் மதநல்லிணக்கத்துக்குத் தனி இடம் இல்லை. பேரிடர் என்றால் வெள்ளமும் புயலும்தான் நினைவுக்கு வருகின்றன. ஒரு கலவரம் ஓர் ஊரைப் பத்தாண்டு பின்னுக்குத் தள்ளிவிடும் என்பது யார் நினைவுக்கும் வரவில்லை.

கடல் கடந்து வரும் பணம்

மிச்சமிருப்பது வெளிநாட்டு நிதி. பல ஆண்டுகள் அது இப்படித்தான் வந்துகொண்டிருந்தது: வெளிநாட்டு அமைப்பு ஒன்று சென்னையிலோ மதுரையிலோ உள்ள பெரிய தொண்டு நிறுவனத்துக்குக் கொடுக்கும். அந்த நிறுவனம் அதைப் பிரித்துக் கிராமத்துச் சிறு குழுக்களுக்குக் கொடுக்கும். 2020 செப்டம்பரில் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் திருத்தப்பட்டதும் அந்த வழி அடைபட்டது. ஒரு நிறுவனம் பெற்ற வெளிநாட்டு நிதியை இன்னொரு நிறுவனத்துக்கு மாற்றிக் கொடுக்கக் கூடாது. நிர்வாகச் செலவு 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. பணம் முதலில் டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில்தான் வந்து இறங்க வேண்டும். புதிதாகப் பதிவு கேட்கும் அமைப்பு மூன்றாண்டு நடந்திருக்க வேண்டும்; அந்த மூன்றாண்டில் 15 லட்சம் ரூபாய் பணிக்குச் செலவிட்டிருக்கவும் வேண்டும். 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் அந்தத் திருத்தங்கள் செல்லும் என்று தீர்ப்பளித்தது.

மலையடிவாரத்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து சமாதானம் பேசும் நாலு பேர் 15 லட்சத்துக்கு எங்கே போவார்கள்? பெரிய நிறுவனங்கள் ஆடிட்டர் வைத்துச் சமாளித்துக்கொள்ளும். சிறு குழுக்கள் காணாமல் போயின. தவறான வழியில் வரும் பணத்தைத் தடுக்கும் உரிமை அரசுக்கு உண்டு. ஆனால் எல்லாருக்கும் ஒரே அளவில் தைத்த சட்டை, கைக்குழந்தைக்கும் பொருந்தும் என்று நினைப்பது சரியல்ல. சிறு தொகைக்கு எளிய பதிவு முறை ஒன்று இருந்தே ஆக வேண்டும்.

அதே நேரத்தில், வெளிநாட்டுப் பணத்தை மட்டும் நம்பி நின்றால் என்ன ஆகும் என்பதற்கு இலங்கையைப் பார்க்கலாம். 1995-இல் தொடங்கிய இலங்கை தேசிய சமாதானப் பேரவை, மாவட்டந்தோறும் சர்வமதக் குழுக்களை அமைத்தது. பிக்குகள், குருக்கள்மார், மௌலவிகள், பாதிரியார்கள் ஒன்றாக உட்கார்ந்தார்கள். அருமையான வேலை. 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் நாளில் தேவாலயங்களிலும் ஓட்டல்களிலும் குண்டு வெடித்து 260-க்கும் மேற்பட்டவர்கள் இறந்த பிறகு, பழிக்குப் பழி என்று ஊர்கள் கிளம்பாமல் இருக்க இப்படிப்பட்டவர்களின் பேச்சு எவ்வளவு தேவைப்பட்டது! ஆனால் அந்தத் தீவின் சமாதானப் பணிகள் பெரும்பாலும் வெளிநாட்டு உதவியையே சார்ந்திருந்தன. 2025 ஜனவரியில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவிகளை நிறுத்திவைத்தது. ஜூலையில் அதன் உதவி நிறுவனமே மூடப்பட்டது. உலகமெங்கும் திட்டங்கள் பாதியில் நின்றன. வாஷிங்டனில் ஒருவர் கையெழுத்துப் போட்டால் மட்டக்களப்பில் ஒரு கூட்டம் நின்றுபோகும் என்றால், அந்த அமைதியின் வேர் எங்கே இருக்கிறது?

இன்னொரு சங்கடமும் உண்டு. முழுக்க வெளிப்பணத்தில் நடக்கும் குழு ஊரில் வாயைத் திறந்தால், “உனக்கு எங்கிருந்து காசு வருது?” என்ற ஒரே கேள்வியில் அதை உட்காரவைத்துவிடுவார்கள். சமாதானம் பேசுகிறவருக்கு மூலதனமே அவர் சொல்லுக்கு இருக்கும் மதிப்புதான். அது போனால் எத்தனை லட்சம் கொடுத்தும் வாங்க முடியாது.

நம் கையில் இருக்கும் பழைய வழி

பொதுக்காரியத்துக்குப் பணம் சேர்ப்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கோயில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி. பள்ளிவாசலுக்குச் சந்தா, ஏழைகளுக்கு ஜகாத். தேவாலயத்துக்குக் காணிக்கை. வியாபாரிகளுக்கு, பொதுவுக்கென்று ஒதுக்கும் மகமை. விருதுநகரில் 1889-இல் எழுந்த க்ஷத்ரிய வித்யாசாலை, வியாபாரிகள் கொடுத்த மகமையிலும் பெண்கள் சமைப்பதற்கு முன் எடுத்து வைத்த பிடி அரிசியிலும் வளர்ந்தது. காமராஜர் படித்தது அங்கேதான். கையளவு அரிசியிலிருந்து ஒரு முதலமைச்சர் வந்த மண் இது.

மதம் கடந்து கொடுப்பதும் நமக்குப் பழக்கமே. நாகூர் தர்காவின் உயரமான மினாரா 131 அடி. அதைக் கட்டிக் கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங். தஞ்சை அருகே காசவளநாடு புதூரிலும் சிவகங்கை மாவட்டம் முதுவன்திடலிலும் இந்துக் குடும்பங்களே முன்னின்று மொஹரம் நடத்துகின்றன, பூக்குழி இறங்குகின்றன. நம் கம்பம் பள்ளத்தாக்கு வழியாகச் சபரிமலை போகும் சாமிமார்கள் எருமேலியில் வாவர் பள்ளிவாசலில் காணிக்கை போட்டுவிட்டுத்தான் காட்டுக்குள் நுழைகிறார்கள். 1956-இல் உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் பெயரில் எழுந்த கல்லூரியில் இந்த மாவட்டத்தின் எல்லாச் சாதி, எல்லா மதத்துப் பிள்ளைகளும் படித்து ஆளானார்கள். முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பென்னிகுயிக் ஓர் ஆங்கிலேயர். ஜனவரி 15 வந்தால் அவர் படத்துக்கு முன் இந்தப் பள்ளத்தாக்கு விவசாயிகள் பொங்கல் வைக்கிறார்கள். தண்ணீர் கொடுத்தவரின் மதத்தை யாரும் கேட்கவில்லை.

இவ்வளவு இருந்தும் ஒன்று குறைகிறது. அந்தந்தச் சாமிக்கு உண்டியல் இருக்கிறது. சாமிகளுக்கு நடுவில் இருக்கும் தெருவுக்கு உண்டியல் இல்லை. பழைய மகமையை அந்தத் தெருவுக்குக் கொண்டுவர வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்

ஆயிரம் தலைக்கட்டு உள்ள ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். எல்லா மதமும் எல்லாத் தெருவும் சேர்ந்த ஒரு நல்லிணக்கக் குழுவுக்கு ஆண்டுக்கு என்ன செலவாகும்? பொது இடத்தில் ஓர் அறைக்கு மாதம் 1,500 வீதம் 18,000 ரூபாய். மாதக் கூட்டத்துக்கு டீ, வடை 500 வீதம் 6,000. போய்வரும் செலவு 6,000. தொலைபேசி, நோட்டீஸ், பதிவேடு 3,000. ஆண்டுக்கு மூன்று பொதுக்காரியம் — ரத்ததான முகாம், மாணவர் விளையாட்டு, திருவிழாவிலும் கந்தூரியிலும் கிறிஸ்துமஸிலும் வரும் கூட்டத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் — 15,000. அவசரக் கையிருப்பு 12,000. மொத்தம் 60,000 ரூபாய்.

வீட்டுக்கு 20 ரூபாய் என்றால் ஊரிலிருந்து 20,000 சேர்ந்துவிடும். ஆண்டுக்கு 20 ரூபாய். இரண்டு டீக்கான காசு. மீதி 40,000? தமிழகத்தில் ‘நமக்கு நாமே’ திட்டம் இருக்கிறது. 1997-98-இல் தொடங்கி, 2021-க்குப் பிறகு மீண்டும் உயிர் பெற்ற திட்டம். மக்கள் ஒரு பங்கு போட்டால் அரசு இரு பங்கு போடும். அதில் பள்ளிச் சுவர் எழுகிறது, குளம் தூர் வாரப்படுகிறது. அதே முறையில் நல்லிணக்கத்துக்கு ஏன் கொடுக்கக் கூடாது? மாநிலத்தில் சுமார் 12,500 ஊராட்சிகள். ஒவ்வொன்றுக்கும் 40,000 என்றால் 50 கோடி ரூபாய். நான்கு லட்சம் கோடியைத் தாண்டிவிட்ட மாநில பட்ஜெட்டில் எட்டாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஒரு கலவரத்துக்குக் குவிக்கப்படும் போலீஸ், மூடப்படும் கடைகள், நின்றுபோகும் கூலி, நீளும் வழக்குகள் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் இது செலவே அல்ல.

பதிவு செய்வதும் மலையேற்றம் இல்லை. 1975 தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி ஏழு பேர் சேர்ந்தால் சங்கம். வருமான வரிச் சட்டம் நன்கொடைக்குத் தரும் சலுகை ஒரே மதத்துக்கோ சாதிக்கோ நடத்தும் அறக்கட்டளைக்குக் கிடைக்காது. எல்லாருக்குமான சங்கம் அதற்கு விண்ணப்பிக்கலாம். ஏலக்காய் வியாபாரிகளும் எஸ்டேட்காரர்களும் வெளியூரில் வேலை பார்க்கும் ஊர்ப் பிள்ளைகளும் நன்கொடை கொடுத்து வரிச்சலுகையும் பெறலாம்.

கணக்கு வெளிச்சத்தில் இருக்கட்டும்

பணம் வந்தால் சந்தேகமும் கூடவே வரும். அதற்கு மருந்தும் போடியிலேயே இருக்கிறது. ஏலக்காய் மின்னணு ஏலம் போடியிலும் கேரளத்தின் புற்றடியிலும் நடக்கிறது. எந்த மூட்டை, எத்தனை கிலோ, என்ன விலை என்பது எல்லார் கண் முன்னாலும் திரையில் ஓடுகிறது. விளைவித்தவரும் பார்க்கிறார், வாங்குகிறவரும் பார்க்கிறார். நல்லிணக்க நிதியின் கணக்கும் அப்படித்தான் இருக்க வேண்டும். ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. ஆறு முறையும் வரவு செலவை ஒலிபெருக்கியில் வாசிக்க வேண்டும். யார் கொடுத்தது, எதற்குச் செலவானது, மிச்சம் எவ்வளவு என்பது பஞ்சாயத்துப் பலகையில் ஒட்டியிருக்க வேண்டும்.

பணத்தோடு சில நிபந்தனைகளும் வேண்டும். குழுவில் பாதிப் பேர் பெண்கள். தலித் உறுப்பினர் இல்லாத குழுவுக்கு ஒரு காசு கூடாது. சாமி இல்லை என்பவருக்கும் ஓர் இடம். கட்சிப் பொறுப்பில் இருப்பவர் தலைவர் ஆகக் கூடாது. குழு யாருக்கும் மதம் பரப்பக் கூடாது, யார் மதத்தையும் தடுக்கவும் கூடாது.

கடைசி நிபந்தனைதான் மிக முக்கியம். நல்லிணக்கம் என்ற பெயரில் தனி மனிதரின் சுதந்திரத்தை நசுக்கிவிடும் ஆபத்து எப்போதும் இருக்கிறது. ஒரு குடும்பம் வேறு தெய்வத்தைக் கும்பிடத் தொடங்கினால், “ஊர் ஒற்றுமைக்காக விட்டுவிடு” என்று சொல்வது சமாதானம் ஆகாது. வேறு வேறு மதத்துப் பிள்ளைகள் இருவர் திருமணம் செய்துகொண்டு வந்து நின்றால், இரு பக்கப் பெரியவர்களும் கைகோத்துக்கொண்டு அவர்களை ஊரைவிட்டு விரட்டுவது நல்லிணக்கம் ஆகாது. அரசியல் சட்டத்தின் 25-ஆவது பிரிவு மனச்சாட்சியின் சுதந்திரத்தை ஒவ்வொரு மனிதருக்கும் கொடுத்திருக்கிறது. ஊருக்கும் சாதிக்கும் மொத்தமாகக் கொடுக்கவில்லை. 2002-இல் தமிழகத்தில் வந்த மதமாற்றத் தடைச் சட்டம் 2004-இல் திரும்பப் பெறப்பட்டது. சட்டம் போனாலும் அந்த மனப்பான்மை ஊர்க்கூட்டங்களில் இன்னும் உட்கார்ந்திருக்கிறது. மதம் மாறிய தலித் கிறிஸ்தவரும் தலித் முஸ்லிமும் 1950 குடியரசுத் தலைவர் ஆணையின்படி பட்டியல் சாதிச் சலுகையை இழக்கிறார்கள். சீக்கியருக்கு 1956-இலும் பௌத்தருக்கு 1990-இலும் திறந்த கதவு அவர்களுக்கு இன்னும் மூடியே இருக்கிறது. சுதந்திரத்துக்கு விலை வைத்திருக்கும் நாட்டில், அந்த விலையைப் பற்றிப் பேசத் துணியாத குழு நல்லிணக்கக் குழு ஆகாது.

இந்தக் கார்த்திகைக்குள்

அரசு ஆணை வரும்வரை காத்திருக்க வேண்டாம். தமிழக அரசு நமக்கு நாமே திட்டத்தில் நல்லிணக்கத்தை ஒரு தலைப்பாகச் சேர்க்கட்டும். மத்திய அரசு கம்பெனிச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் ஒரு வரியைக் கூட்டட்டும். சிறு குழுக்களுக்கு எளிய பதிவு முறை ஒன்றைக் கொண்டுவரட்டும். தேசிய மதநல்லிணக்க அறக்கட்டளை, வன்முறையில் தந்தையை இழந்த பிள்ளைக்குப் புத்தகம் கொடுப்பதோடு, தந்தையை இழக்காமல் காக்கும் ஊர்க்குழுவுக்கும் கொஞ்சம் கொடுக்கட்டும். இவற்றைச் சட்டமன்ற உறுப்பினரிடமும் நாடாளுமன்ற உறுப்பினரிடமும் கேளுங்கள். கிராம சபையில் தீர்மானமாகப் போடுங்கள்.

அதற்கு முன்னால் ஒரு வேலை உங்கள் கையிலேயே இருக்கிறது. உங்கள் ஊரில் போன முறை சண்டை வராமல் தடுத்தவர் யார் என்று யோசித்துப் பாருங்கள். பெயர் உங்களுக்குத் தெரியும். அவர் வீட்டுக்குப் போய், ஏழு பேரைச் சேர்த்து, 20 ரூபாயை முதல் ஆளாக வைத்து, ரசீது கேளுங்கள். சபரிமலை சீசனுக்கு இந்தச் சாலைகளில் சாமிமார் கூட்டம் தொடங்குவதற்குள் ஊருக்கு ஒரு ரசீது புத்தகம் திறந்துவிட்டால் போதும். மலையேறும் ஜீப்பில் பக்கத்துத் தோளைப் பிடிப்பதற்கு நாம் யோசிப்பதில்லை. ஊருக்குள் பிடிப்பதற்கும் யோசிக்க வேண்டாம்.